புகை போக வழி, காற்று வர வழி



போன மாதத்தில் மட்டும் உங்களில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமலே, ஒரே கேள்வியை என்னிடம் கேட்டீர்கள். "டீச்சர், சமையலறையில் சிம்னி மாட்டியாச்சு. மோட்டார் நல்லா ஓடுது. ஆனா தாளிச்சா புகை வீடு முழுக்கச் சுத்துது, கண் எரியுது, என்ன பண்ணலாம்?" மூவரும் இருப்பது புது ஃப்ளாட். மூன்று வீட்டிலும் ஏசிக்காக ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு சமைக்கிறார்கள்.

கேஸ் அடுப்பு விஷயத்தை ஒரு சரித்திர டீச்சரிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இது மெக்கானிக்கின் கேள்வி மட்டும் இல்லை, சரித்திரக் கேள்வியும்தான். இதற்கான பதிலை 1785-ஆம் ஆண்டிலேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரிடம் வருவதற்கு முன் நம்ம ஊர்க் கதையைப் பார்த்துவிடுவோம். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

தமிழில் சமையல் புகையைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று குறுந்தொகையில் இருக்கிறது. கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டு. பள்ளியில் படித்திருப்பீர்கள். புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் கணவனுக்குப் புளிக்குழம்பு வைக்கிறாள். தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. அவன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான், அவள் முகம் மலர்கிறது. வகுப்பில் எல்லோரும் கடைசி வரியைத்தான் ரசிப்போம். எனக்கு அந்தக் கண்ணில்தான் நினைப்பு நிற்கும். இரண்டாயிரம் வருஷமாக நம் வீட்டுப் பெண்களின் கண்ணில் அந்தப் புகை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டில் வருவது விறகுப் புகை இல்லை, தாளிப்புப் புகை. விறகு போய் கேஸ் வந்த பிறகும் போகாத புகை அதுதான்.

பழைய வீடுகளில் புகை எப்படிப் போயிற்று? மயிலாப்பூர் பக்கத்து ஓட்டு வீடுகளை உங்கள் தாத்தா பாட்டி காலத்துப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சமையல்கட்டு வீட்டின் பின்பக்கம் இருக்கும். மேலே நாட்டு ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஆயிரம் இடுக்கு. சில வீடுகளில் கூரையை ஒரு சாண் தூக்கி, பக்கவாட்டில் திறப்பு விட்டுப் புகைக்கூண்டு கட்டியிருப்பார்கள். வீட்டின் நடுவே முற்றம். கொல்லைக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். சூடான புகை மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியாகக் கசியும். அது விட்ட இடத்துக்கு முற்றத்திலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக் காற்று தரையோடு வரும். யாரும் கணக்குப் போட்டுக் கட்டியதில்லை. ஆனாலும் அந்த வீட்டில் இரண்டு வழி இருந்தது. ஒன்று புகை போவதற்கு, இன்னொன்று காற்று வருவதற்கு. இந்த இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கிக் கதை முழுக்க இதுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சென்னைக்கு வேண்டிய சவுக்கு விறகு, பக்கிங்காம் கால்வாயில் ஸ்ரீஹரிகோட்டா பக்கமிருந்தெல்லாம் படகில் வந்து இறங்கியது. தெருவுக்குத் தெரு விறகுத் தொட்டி இருந்தது. மழைக்காலத்தில் ஈர விறகு வந்துவிட்டால் ஊதுகுழலை எடுத்து ஊதி ஊதி அடுப்படியில் இருப்பவளின் நெஞ்சு காய்ந்துவிடும். சுவரெல்லாம் கரி. உத்தரத்தில் ஒட்டடையும் புகையும் சேர்ந்து கறுப்புச் சரம் தொங்கும். பாட்டிமார் பலருக்கு ஐம்பது வயதுக்குள் இருமல் நிரந்தரம். அதை யாரும் வியாதி என்றே எண்ணவில்லை. "அவளுக்கு எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது 1785-க்கு வருகிறேன். பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னலையும் பட்டத்தையும் வைத்து நீங்கள் படித்த அதே ஆள்தான். 79 வயதில் பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் திரும்புகிறார். வழியில் சும்மா இருக்க முடியாமல், வியன்னாவில் இருந்த இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவ நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தலைப்பே, புகையும் புகைபோக்கிகள், அதற்குக் காரணமும் மருந்தும் என்ற பொருளில் இருக்கும். புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்புவதற்கு ஒன்பது காரணங்களை அதில் வரிசையாகச் சொல்கிறார்.

முதல் காரணம் என்ன தெரியுமா? வீடு புதுசாக இருப்பது! புது வீட்டில் கதவும் ஜன்னலும் தரைப்பலகையும் இடுக்கில்லாமல் அழகாகப் பொருந்தியிருக்கும். உள்ளே காற்று வர வழியில்லை. காற்று உள்ளே வராவிட்டால் புகை வெளியே போகாது. பாட்டிலில் இருக்கும் காற்றை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், கொஞ்சம் வரும், பிறகு நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அவர் சொன்ன சோதனை இன்னும் அழகு. அறைக் கதவைச் சாத்து, புகை திரும்புகிறதா பார். பிறகு கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திற. எந்த இடத்தில் புகை ஒழுங்காக மேலே ஏற ஆரம்பிக்கிறதோ, அங்கே நிறுத்து. அந்த இடுக்கின் அளவுதான் உன் அறைக்குத் தேவையான காற்று வழியின் அளவு. காசு செலவில்லாத சோதனை. நம் ஃப்ளாட்டுக்கு இன்றைக்கும் பொருந்தும்.

மற்ற காரணங்களும் நம்மைப் பார்த்தே எழுதிய மாதிரி இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு புகைபோக்கி இருந்தால் பலமானது பலவீனமானதன் புகையைக் கீழே இழுத்துவிடும் என்கிறார். குழாயின் தலைக்கு மேல் உயரமான கட்டடம் இருந்தால் காற்று திரும்பி அடித்துப் புகையை உள்ளே தள்ளும் என்கிறார். பக்கத்துக் குழாயின் புகை, சும்மா இருக்கும் உன் குழாய் வழியாக உன் அறைக்குள் இறங்கும் என்கிறார். பதினோரு வருஷம் கழித்து, 1796-இல், ரம்ஃபர்ட் பிரபு என்பவர் கணப்படுப்பின் கழுத்தைக் குறுக்கிக் கட்டினால் புகை நன்றாக இழுக்கும் என்று எழுதினார். லண்டனில் வீடு வீடாக அப்படி மாற்றிக் கட்டினார்கள்.

நம் நாட்டில் இதே சிந்தனை சமையலறைக்கு வர 20-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. அதிலும் நம் ஊர்க்காரர்களின் பங்கு உண்டு. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி.குமரப்பா, காந்தியின் சொல்லை ஏற்றுக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் மகன்வாடியில் நடத்தினார். அந்த இடத்தின் பேரிலேயே 'மகன் சூலா' என்ற புகையில்லா மண் அடுப்பு வந்தது. பிறகு ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி.ராஜு இன்னொரு அடுப்பை வடிவமைத்தார். கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்ற பொருள்படும் தலைப்பில் 1953-இல் ஒரு சிறு புத்தகமே போட்டார். அதை வெளியிட்டது நம்ம சென்னையின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம்.

அந்த அடுப்பின் தத்துவம் எளிது. ஒரு வாயில் விறகு. அனல் முதல் பானைக்கடியில் போய், அங்கிருந்து அடுத்த பானைக்கடியில் நகர்ந்து, கடைசியில் சுவரோரக் குழாயில் ஏறிக் கூரைக்கு மேல் போய்விடும். நம் வீட்டுக் கொடி அடுப்புக்கு ஒரு குழாய் வைத்த மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1983-இல் மத்திய அரசு இதைப் பெரிய திட்டமாக எடுத்து, 2002-க்குள் நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேல் இப்படிப்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது. பிறகு திட்டம் நின்றுபோயிற்று. ஏன்? அடுப்பைக் கட்டிக் கொடுத்தவர்கள் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுக்கவில்லை. குழாயில் கரி அடைத்தது. பானை அளவு வாயோடு பொருந்தாமல் இடுக்கில் புகை வந்தது. மண் விரிந்தால் பூசித் தர ஆளில்லை. பல வீடுகளில் அந்த அடுப்பு விறகு அடுக்கும் இடமாகிவிட்டது. புகை போக வழி வைத்தால் மட்டும் போதாது, அந்த வழியைத் திறந்து வைத்திருக்க ஒருவர் வேண்டும். இது அந்தத் திட்டம் சொல்லித் தந்த பாடம்.

அந்தப் புகை எவ்வளவு என்று தமிழ்நாட்டில் அளந்தவர்கள் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணன் அம்மையாரும் குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் கருவி வைத்து அளந்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். விறகு, வறட்டி எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை நுண்தூசு. 24 மணி நேரச் சராசரியாகப் பார்த்தால், சமைப்பவர் சுவாசித்தது சுமார் 231. அதே போன்ற வீட்டில் சமைக்காதவர் சுவாசித்தது சுமார் 90. இந்த இரண்டு எண்ணையும் திரும்பப் படியுங்கள். ஒரே கூரை, ஒரே குடும்பம். அடுப்படியில் நிற்பவருக்கு மட்டும் இரண்டரை மடங்கு. "அவளுக்கு எப்பவும் அப்படித்தான்" என்ற இருமலுக்கு இதுதான் கணக்கு.

சரி, கேஸ் வந்தது. 1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் விற்கத் தொடங்கியது. 1965 அக்டோபர் 22 அன்று கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு கொடுக்கப்பட்டது. 1969-இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. அதன் பிறகும் நடுத்தரக் குடும்பத்துக்குச் சிலிண்டர் எளிதில் கிடைத்துவிடவில்லை. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்ததும், எம்.பி. கோட்டாவில் கூப்பன் கிடைக்குமா என்று அலைந்ததும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதுவரை பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ், மரத்தூள் அடுப்பு என்று ஓட்டினோம். தமிழ்நாட்டில் 2006 தேர்தலுக்குப் பிறகு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்போடு அடுப்பு வந்தது. 2016 மே 1 அன்று உஜ்வலா திட்டம் தொடங்கி, 2019 செப்டம்பருக்குள் நாடு முழுவதும் 8 கோடி இணைப்பைத் தொட்டது. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் இதைவிடப் பெரிய நன்மை செய்த மாற்றம் சமையலறையில் வேறு எதுவும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

ஆனால் கேஸோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. விறகுப் புகை இல்லையே, புகைக்கூண்டு எதற்கு என்று எடுத்துவிட்டோம். ஓடு போய் கான்கிரீட் வந்தது. முற்றம் போய் ஹால் வந்தது. 1958-இல் பக்கத்தில் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. ஈக்காட்டுத்தாங்கலைச் சுற்றிப் பட்டறைகளும் சின்னச் சின்ன வீடுகளும் நெருங்கின. மெட்ரோ ரயில் 2015-இல் வந்த பிறகு அடுக்குமாடிகள் நெருங்கின. அப்போதும் ஜன்னலுக்கு மேல் வெண்டிலேட்டர் என்று ஒரு சின்னத் திறப்பு இருந்தது. கொசு வருகிறது என்று அதையும் அடைத்தோம். ஏசி வந்ததும் ஜன்னலையும் சாத்தினோம். அடுப்பு சுத்தமானது. அந்த நம்பிக்கையில் வீட்டுக்கு இருந்த இரண்டு வழியையும் நாமே ஒவ்வொன்றாக மூடிவிட்டோம்.

கேஸ் எரிந்தால் என்ன வருகிறது என்று சின்னக் கணக்கு ஒன்று. கணக்கு டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்து முடிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயுவும், சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகவும் வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக உங்கள் வீட்டுக்குள் விட்டிருக்கிறது. மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூஞ்சை பூப்பதில் இதற்கும் பங்கு உண்டு. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரிசையாக வரும். பித்தம் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிருப்போம்.

இப்போது உங்கள் சிம்னி. எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரச் சமையலறையில் மொத்தம் சுமார் 18 கன மீட்டர் காற்று இருக்கிறது. கடையில் விற்கும் சிம்னியின் அட்டையில் மணிக்கு 1000, 1200 கன மீட்டர் என்று போட்டிருக்கும். அப்படியானால் அந்த அறையின் காற்று முழுவதையும் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் அது வெளியே தள்ள வேண்டும். அடுத்த நிமிஷத்துக்குக் காற்று எங்கிருந்து வரும்? ஜன்னல் சாத்தியிருக்கிறது, கதவும் சாத்தியிருக்கிறது. மோட்டார் சத்தம் போடும், வேலை நடக்காது. பிராங்க்ளின் சொன்ன முதல் காரணம்!

ஆகவே, கேட்ட மூவருக்கும் கேட்காத மற்றவர்களுக்கும், வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் கதவுச் சோதனை. சிம்னியை ஓட விட்டு, எண்ணெயில் கடுகு மிளகாய் தாளியுங்கள். எதிர்ப்பக்க ஜன்னலையோ சமையலறைக் கதவையோ ஒரு சாண் திறந்து பாருங்கள். புகை உடனே ஒழுங்காக ஏறினால் சிம்னியில் குறையே இல்லை, காற்று வரத்தான் வழியில்லை. அடுப்புக்கு நேர் பக்கத்து ஜன்னலைத் திறக்காதீர்கள். காற்று குறுக்கே அடித்துத் தீயையும் அலைக்கழிக்கும், புகையையும் சிம்னிக்கு எட்டாமல் தள்ளிவிடும்.

2. குழாய் எங்கே போகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சில சிம்னிகளுக்குக் குழாயே கிடையாது. காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திரும்ப விடும். அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாடையைக் கொஞ்சம் குறைக்கும். ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது. குழாய் இருந்தால் எத்தனை வளைவு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும். ஆறு அங்குல வாய்க்கு நாலு அங்குலக் குழாயைச் சொருகியிருந்தால் எவ்வளவு பெரிய மோட்டாரும் திணறும்.

3. குழாயின் வெளி வாயைப் பாருங்கள். அங்கே ஒரு மூடித் தகடு இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் அது ஒட்டிக்கொண்டிருக்கலாம். புறா கூடு கட்டியிருக்கலாம். உள்ளே இருக்கும் வடிகட்டியை வெந்நீரும் சோப்பும் போட்டு மாதம் ஒரு முறையாவது கழுவுங்கள். மூன்று கோடி மண் அடுப்புக்கு நேர்ந்தது உங்கள் சிம்னிக்கு நேர வேண்டாம்.

4. ஷாஃப்டுக்குள் விட்டிருக்கிறார்களா? எங்கள் தெருவில் ஒரு கட்டடத்தில் எல்லாத் தளத்துச் சிம்னியும் ஒரே ஷாஃப்டில் வாய் வைத்திருக்கிறது. மூன்றாம் மாடியில் வஞ்சிரம் வறுத்தால் முதல் மாடி மாமி வீட்டில் மணக்கிறது. அவர் அசைவம் தொடாதவர். பக்கத்துக் குழாயின் புகை உன் அறையில் இறங்கும் என்று பிராங்க்ளின் சொன்னதேதான். நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சமையலறைக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஜன்னல் வேண்டும், அது திறந்த வெளியைப் பார்க்க வேண்டும், ஷாஃப்டைப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறது. வீடு வாங்கப் போகும் மாணவர்களே, மாடுலர் கிச்சனின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த ஜன்னலைப் பாருங்கள்.

5. தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக, நிதானமாக எரிந்தால் நல்லது. மஞ்சள் நாக்கு நீண்டு, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை. பர்னர் துளைகளில் பொங்கிய பால் காய்ந்து அடைத்திருக்கும். பர்னர் ஆறிய பிறகு எடுத்து, துளைகளை ஊசியால் குத்திக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். அப்போதும் மஞ்சள் போகவில்லை என்றால் உள்ளே ஜெட்டையோ காற்றுத் திறப்பையோ நீங்களே திருகிப் பார்க்காதீர்கள். ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒரு ஜாக்கிரதை: சிலிண்டர் தீரும் தறுவாயிலும் சில நேரம் தீ மஞ்சளடிக்கும்.

6. கேஸ் கீசர் இருக்கிற வீடுகள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஒரு புகைபோக்கி இன்னொன்றை இழுத்துவிடும் என்ற காரணம் நினைவிருக்கிறதா? எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சிம்னியை வேகமாக ஓட்டினால், அது காற்றுக்கு அலைந்து, குளியலறைக் கீசரின் புகையைக்கூட வீட்டுக்குள் இழுக்கும். நம் சொந்தத்திலேயே ஒரு பெண் குழந்தை குளிக்கப் போய் மயங்கி விழுந்தது. உறவுகளுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். தாழ்ப்பாள் போடாததால் பிழைத்தாள். அன்று கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தது, ஜன்னலில் குளிருக்கு அட்டை வைத்து அடைத்திருந்தார்கள், சமையலறையில் சிம்னி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். இதில் பேரம் வேண்டாம்.

7. கசிவு வேறு, புகை வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். உயரத்தில் இருக்கும் சிம்னி அதை எடுக்காது. அதனால்தான் சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குக் கீழ்ப்பக்கம் துளை வேண்டும் என்கிறோம். அழகுக்காக அதை அடைத்துவிடாதீர்கள். இப்போது சென்னையில் சில பகுதிகளுக்குக் குழாய் வழி எரிவாயு வருகிறது. அது காற்றைவிட லேசு, மேலே போய்த் தங்கும். அதற்குக் கூரையை ஒட்டித் திறப்பு வேண்டும், அடுப்பின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். முக்கியமாக, வாடையைப் போக்குகிறேன் என்று சிம்னியையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ போட்டுவிடாதீர்கள், பொறி ஒன்று போதும். வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. வீட்டுக்குச் சிம்னி வாங்குவது, குழாய் எந்தச் சுவரில் போகும் என்று முடிவெடுப்பது, ஜன்னலைச் சாத்தச் சொல்வது, பல வீடுகளில் இதெல்லாம் ஹாலில் உட்கார்ந்திருப்பவர் செய்கிறார். புகை மட்டும் அடுப்படியில் நிற்பவர் கண்ணுக்குப் போகிறது. போரூரில் அளந்த 231-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் விறகோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுப்படியில் நிற்பது அம்மாவோ, மனைவியோ, சமையலுக்கு வரும் அக்காவோ, சில வீடுகளில் இப்போது பையன்களோ, யாராக இருந்தாலும் அவரைக் கேட்டு முடிவெடுங்கள். "கண் எரியுதா? தலை வலிக்குதா?" இந்த இரண்டு கேள்வி போதும். அளக்கும் கருவி வேண்டாம்.

நாளைக்குச் சமைக்கும்போது ஜன்னலை ஒரு சாண் திறந்து சோதனை செய்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கீழே எழுதுங்கள். குழாயின் வெளி வாய்க்குள் புறாக்கூடு கிடைத்தவர்கள் படமும் போடுங்கள். குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்,
ஈக்காட்டுத்தாங்கல்